சேவ் பண்ணது எல்லாம் எங்க போச்சு: ஒரு பார்ட் டைம் பிஎச்டி மேடத்தோட கேஸ்

பின்னணி

பாளையங்கோட்டைப் பக்கம் நான் வேலை பாக்குற ஒரு ஆர்ட்ஸ் காலேஜ் லைப்ரரில நடந்த விஷயம் இது. காலேஜ் பேரு, ஆளுங்க பேரு எதுவும் வேண்டாம், அது இல்லாமலே புரியும். சம்பந்தப்பட்டவங்க அதே காலேஜ்ல சுயநிதிப் பிரிவுல எகனாமிக்ஸ் எடுக்குற ஒரு மேடம், பல்கலைக்கழகத்துல பார்ட் டைம் பிஎச்டி பதிஞ்சு மூணாவது வருஷம், வீடு வீரவநல்லூர். காலைல செங்கோட்டைல இருந்து வர்ற பாசஞ்சர்ல ஏறி ஜங்ஷன்ல இறங்கி டவுன் பஸ் புடிச்சு வந்து, கிளாஸ் எடுத்து, நடுவுல கிடைக்கிற ஃப்ரீ பீரியட்ல லைப்ரரி சிஸ்டத்துல தேடி, திரும்ப ரயில்ல போகும்போது ஃபோன்ல படிச்சு, ராத்திரி வீட்டு லேப்டாப்ல எழுதி, இப்படி மூணு மெஷின்ல ஓடுன ஆராய்ச்சி. இந்த கேஸோட வேரு பூராவும் அந்த மூணு மெஷின்ல தான் கிடக்கு.

தலைப்பு கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல இருக்கிற குளங்களைப் பத்தினது, யாரு தூர் வாரணும், யாரு மடையைப் பாக்கணும், முன்ன ஊர் கூடி பண்ணது இப்ப ஏன் நடக்கல, இதெல்லாம். தாமிரபரணில எட்டு அணைக்கட்டு, அதுல கன்னடியன் மூணாவது, கல்லிடைக்குறிச்சி பக்கம் பிரிஞ்சு வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடைன்னு போற கால்வாய், மேடத்துக்கு சொந்த ஊர் தண்ணி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தத் தலைப்புக்கு கூடுதலா மதிப்பு வந்துச்சு. ஆனா இதுல ஒரு சிக்கல் என்னன்னா படிக்க வேண்டிய கட்டுரை எல்லாம் ஒரே இடத்துல இருக்காது. எகனாமிக்ஸ் ஒரு டேட்டாபேஸ்ல, ஹைட்ராலஜி இன்னொண்ணுல, வரலாறு வேற எங்கயோ, பழைய வருவாய்த்துறை சமாச்சாரம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா மட்டும் கிடைக்கும்.

காலேஜுக்கு என்-லிஸ்ட் இருக்கு, அதாவது காலேஜுகளுக்கு ஆன்லைன்ல ஜர்னலும் புத்தகமும் குடுக்குற சேவை, காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்லிப்நெட்ங்கிற யுஜிசி மையம் நடத்துறது, ஆளுக்கு ஒரு ஐடி பாஸ்வேர்டு, வீட்டுல இருந்தும் நுழையலாம். மேடம் பதிஞ்ச பல்கலைக்கழகம் அரசு நிறுவனம், அதனால அங்க ஒரே நாடு ஒரே சந்தா திட்டமும் உண்டு, அரசு நிறுவனங்களுக்கு ஜர்னல் சந்தாவை மத்திய அரசே கட்டுறது, 2024 நவம்பர் 25-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். எங்க காலேஜ் அரசு காலேஜ் இல்ல, அதனால அந்தத் திட்டம் நமக்கு கிடையாது. இந்த வித்தியாசம் பின்னாடி பெருசா வேலை குடுத்துச்சு, அதான் இங்கயே சொல்லி வச்சேன்.

என்ன நடந்துச்சு

டிசி மீட்டிங்குக்கு, அதாவது பிஎச்டி வேலை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பாக்குற டாக்டரல் கமிட்டி கூட்டத்துக்கு, முன்னாடி கைடு ஒரு மெசேஜ் போட்டிருக்காரு. ‘ரிவ்யூ சாப்டர்ல சொல்லியிருக்கிற கட்டுரையெல்லாம் எனக்கு அனுப்பி விடுங்கம்மா, லிஸ்ட் மட்டும் போதாது, நான் ஒண்ணு ரெண்டு திறந்து பாக்கணும்’. மேடம் பயப்படல, ஏன்னா வேர்டு ஃபைல் ஒண்ணுல நூறுக்கு மேல லிங்க் சேத்து வச்சிருந்தாங்க, அதுபோக வாட்ஸப்ல தனக்குத்தானே அனுப்பிக்கிட்டது, கட்டுரை தேடுற டேட்டாபேஸ் தளத்துக்குள்ளயே இருக்கிற ஃபோல்டர்ல போட்டது, லைப்ரரி சிஸ்டத்துல டவுன்லோடு பண்ணது. நாலு இடத்துல இருக்கு, நமக்கென்னன்னு இருந்திருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி வீட்டு லேப்டாப்ல முதல் லிங்கை கிளிக் பண்ணா ‘உங்கள் செஷன் முடிந்துவிட்டது’. ரெண்டாவதும் அதே. மூணாவது திறந்துச்சு, ஆனா கட்டுரை வரல, வெறும் தேடல் பக்கம் காலியா வந்து நின்னுச்சு. மறுநாள் காலைல லைப்ரரிக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தா சைபர். நேரா கவுண்டருக்கு வந்துட்டாங்க.

‘சார், நான் லாகின் பண்ணிட்டு தான சார் எல்லாத்தையும் சேவ் பண்ணேன், பொறவு எப்படி சார் இல்லாமப் போவும்?’

பக்கத்துல நின்ன அட்டெண்டர் அண்ணாச்சி, ‘மேடம், கீழ இருக்க சிஸ்டத்துல போட்டியளா? அதுல எது போட்டாலும் நிக்காது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தொடச்சிரும்லா’ன்னாரு. உண்மை தான். வைரஸ் தொல்லை தாங்காம பொது சிஸ்டங்கள்ல எல்லாம் ரீஸ்டார்ட் பண்ணா பழைய நிலைக்கே திரும்புற சாஃப்ட்வேர் போட்டிருக்கு, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் உட்பட எதுவும் தங்காது. அங்க உக்காந்து இறக்குன பிடிஎஃப் எல்லாம் அன்னன்னைக்கே போயிருச்சு. பென்டிரைவ்ல ஏத்துனது கொஞ்சம் பிழைச்சுது, அதுலயும் பாதி ஷார்ட்கட்டா மாறிக் கிடந்துச்சு, அது வைரஸ் வேலை, உள்ள ஃபைல் மறைஞ்சு இருந்ததை எடுத்துட்டோம்.

தோண்டிப் பாத்ததுல தெரிஞ்சது

முதல் வேலையா அந்த வேர்டு ஃபைலை வச்சுக்கிட்டு லிங்குகளை வகை பிரிச்சோம். நாலு ரகம் இருந்துச்சு.

ஒண்ணு, அட்ரஸ் பார்ல இருந்து அப்படியே காப்பி பண்ணது, உள்ள செஷன் நம்பர் நீளமா ஓடும், அந்த உக்காந்த நேரத்துக்கு மட்டும் உயிர் உள்ளது. இது தான் அதிகம், இது தான் செத்தது. ரெண்டு, தேடல் முடிவுப் பக்கத்தோட அட்ரஸ், கட்டுரையோடது இல்ல. மூணு, வீட்டுல இருந்து ரிமோட் ஆக்சஸ் வழியா போனப்ப எடுத்தது, நடுவுல காலேஜோட ப்ராக்ஸி, அதாவது வெளிய இருக்கவங்களை காலேஜ் வழியா உள்ள விடுற சர்வர், அதோட பேரு ஒட்டிக்கிட்டு இருக்கும், நம்ம காலேஜ் ஆளு கிளிக் பண்ணா லாகின் கேட்டு திறக்கும், வேற இடத்து ஆளு கிளிக் பண்ணா சுவத்துல முட்டும். நாலாவது தான் நல்ல ரகம், ஸ்ப்ரிங்கர், வைலி, டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ் மாதிரி பதிப்பகத்தோட சொந்தப் பக்கத்துல இருந்து எடுத்தது, அந்த அட்ரஸுக்குள்ளயே டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள மாறாத அடையாள எண், இருக்கும், 10-ல ஆரம்பிச்சு ஒரு புள்ளி, சில இலக்கம், ஒரு சாய்கோடு, அப்புறம் பதிப்பகம் அந்தக் கட்டுரைக்கு குடுத்த குறியீடு. அதை மட்டும் உருவி, அதுக்கு முன்னாடி டிஓஐ டாட் ஆர்க்னு ஒட்டுனா கட்டுரை எந்தக் காலத்துலயும் வந்து நிக்கும். நிக்கும்னா, பக்கம் வரும், உள்ள படிக்க சந்தா வேணும், டிஓஐ இருக்குன்னா இலவசம்னு சிலர் நினைக்காங்க, அது வேற இது வேற.

பிழைச்ச பிடிஎஃப்களோட கதை வேற. பேரைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. எல்செவியர் பதிப்பகத்தோட தளமான சயின்ஸ்டைரக்ட்ல இருந்து ரொம்ப காலமா வந்துக்கிட்டு இருந்த ஃபைல் பேரு ஒன்னு, எஸ், ரெண்டு புள்ளி சைபர்னு தொடங்கி நீள நம்பரா போயி கடைசில மெயின்னு முடியும், மேடம் கிட்ட அந்த மாதிரி இருபது ஃபைல் வரிசையா, எது எதுன்னு திறந்து தான் பாக்கணும். பழைய ஜர்னல்களைச் சேத்து வச்சிருக்க ஜேஸ்டோர் தளத்து ஃபைலும் பேரு வெறும் நம்பர் தான், ஆனா அதுல ஒரு நல்ல காரியம், முதல் பக்கமா ஒரு அட்டை சேத்து அனுப்புவாங்க, அதுல ஆசிரியர், தலைப்பு, ஜர்னல், தொகுதி, பக்கம், ஸ்டேபிள் லிங்க் எல்லாம் அச்சாகி இருக்கும். எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி பழைய கட்டுரைகள் எல்லாம் மேடம் அங்க இருந்து தான் எடுத்திருந்தாங்க, அதனால அந்தப் பகுதி ஒரு சேதாரமும் இல்லாம மீண்டு வந்துச்சு.

இனி அந்த ‘லாகின் பண்ணிட்டு தான சேவ் பண்ணேன்’. இந்த கேஸ்ல நான் நின்னு பேச நினைக்கிறது இதைப் பத்தித்தான், ஏன்னா மாட்டுனது இவங்க ஒருத்தங்க மட்டும் இல்ல, எம்ஃபில் காலத்துல இருந்து பாக்கேன், வாத்தியார்களும் இதே இடத்துல தான் வழுக்குவாங்க. இங்க லாகின் ரெண்டு. முதல் லாகின் காலேஜோடது, அது டேட்டாபேஸுக்கு சொல்றது ‘இவங்க சந்தா கட்டுன இடத்து ஆளு, உள்ள விடு’ன்னு மட்டும் தான், அது யாருன்னு டேட்டாபேஸுக்கு தெரியாது, தெரியவும் வேண்டாம், நம்ம காலேஜ்ல இருந்து போற அம்புட்டு பேரும் அதுக்கு ஒரே ஆளு. ரெண்டாவது லாகின் அந்த டேட்டாபேஸுக்குள்ளயே நம்ம சொந்தப் பேருல திறக்கிறது, எப்ஸ்கோல ஒரு பேரு, ப்ரோகுவெஸ்ட்ல மை ரிசர்ச்னு ஒரு பேரு, எல்லாத்துலயும் ஏதாவது ஒரு மூலைல சின்ன எழுத்துல சைன் இன்னு இருக்கும். வாசல்ல கையெழுத்துப் போட்டு உள்ள வாறது வேற, உள்ள நம்ம பேருல ஒரு பீரோ சாவி இருக்கது வேற. சாவி வாங்காம மேசை மேல வச்சுட்டுப் போனா சாயங்காலம் பெருக்குற ஆளு எடுத்துட்டுத் தான் போவாங்க. மேடம் ஃபோல்டர்ல போட்டது பூராவும் மேசை மேல வச்சது, ரெண்டாவது லாகின் இல்லாததால செஷன் முடிஞ்சதும் காலி. அந்த சைன் இன் பட்டனைப் பாத்திருக்காங்க, ‘நாம தான் ஏற்கெனவே உள்ள வந்துட்டமே’ன்னு விட்டிருக்காங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, பக்கத்தை அப்படி வடிவமைச்சா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க.

எடுத்த முடிவுகள், காரணத்தோட

டிசி மீட்டிங்குக்கு ஒரு வாரம் கூட முழுசா இல்ல. எல்லாத்தையும் திரும்பத் தேடி இறக்குறதா, இல்ல எது எதுன்னு முதல்ல அடையாளம் காணுறதா? மேடத்துக்கு பிடிஎஃப் தான் முக்கியம்னு தோணுச்சு. நான் அடையாளம் முதல்லன்னு சொன்னேன். ஆசிரியர், தலைப்பு, ஜர்னல், வருஷம், பக்கம், டிஓஐ இருந்தா பிடிஎஃபை எப்ப வேணா யார் கிட்ட வேணா கேட்டு வாங்கிரலாம், ஆனா பிடிஎஃப் மட்டும் இருந்து அது எந்த ஜர்னல் எந்த வருஷம்னு தெரியலைன்னா நூற்பட்டியல்ல ஏத்த முடியாது, ஏத்த முடியாததை சாப்டர்ல வச்சு என்ன பிரயோஜனம்.

அதுக்கு ஜோட்டெரோவை, கட்டுரை விவரங்களைச் சேத்து வச்சு நூற்பட்டியல் போட்டுக் குடுக்குற சாஃப்ட்வேர், அவங்க சொந்த லேப்டாப்ல போட்டோம், காலேஜ் சிஸ்டத்துல அட்மின் பாஸ்வேர்டு இல்லாம ஏறாது, ஏத்துனாலும் ரீஸ்டார்ட்ல போயிரும். இலவசம், 2006-ல இருந்து இருக்கு. பிழைச்ச பிடிஎஃப் எல்லாத்தையும் இழுத்து உள்ள போட்டா அது முதல் சில பக்கத்துல டிஓஐயைத் தேடிப் புடிச்சு விவரத்தை தானே நிரப்பிக்கிடும், அந்த இருபது நம்பர் ஃபைலும் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா பேரு வாங்கிக்கிட்டு வந்தப்ப மேடம் மொகத்தைப் பாக்கணுமே. ஸ்கேன் காப்பிகள் மட்டும் அசையல, படமா இருக்கதுல அதுக்கு எழுத்து தெரியாது, 1917 மாவட்ட கெஜட்டியர்ல இருந்து எடுத்த பக்கங்கள், பழைய பாசன அறிக்கை இதெல்லாம் கையால தான் டைப் அடிச்சாகணும்.

ஜோட்டெரோ இலவசமா குடுக்குற இடம் 300 எம்பி தான், ஸ்கேன் பிடிஎஃப் நாலஞ்சு போட்டாலே ரொம்பிரும். அதனால விவரம் மட்டும் அதுல சிங்க் ஆகட்டும், பிடிஎஃப் எல்லாம் கூகுள் டிரைவ்ல ஒரே ஃபோல்டர்ல இருக்கட்டும்னு முடிவு பண்ணோம். பிடிஎஃபையே வச்சுக்கிட வேண்டாம், டிஓஐ போதும்னு ஒரு யோசனை வந்துச்சு, அதை நான் ஒத்துக்கல. பல பதிப்பகத்துக் கட்டுரைகளை ஒண்ணா சேத்துக் குடுக்குற டேட்டாபேஸ்கள்ல இன்னைக்கு முழுக் கட்டுரை இருக்கும், பதிப்பகத்தோட ஒப்பந்தம் முடிஞ்சா நாளைக்கு சுருக்கம் மட்டும் மிஞ்சும், புது இதழ்கள் ஒரு வருஷம் கழிச்சு தான் வரும்னு எம்பார்கோ வேற. படிச்சதோட பிடிஎஃப் கைல இருக்கணும், அது ஆராய்ச்சிக்கு சொந்த உபயோகம், தப்பில்ல.

லிங்க் எடுக்கிறதுக்கு ஒரே விதி வச்சோம், அட்ரஸ் பாரைத் தொடக் கூடாது. டிஓஐ இருந்தா டிஓஐ. இல்லன்னா கட்டுரைப் பக்கத்துலயே அதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், எப்ஸ்கோல பெர்மாலிங்க், ஜேஸ்டோர்ல ஸ்டேபிள் லிங்க், ப்ரோகுவெஸ்ட்ல டாக்குமென்ட் யூஆர்எல், பேரு தான் வேற, காரியம் ஒண்ணு.

சொந்தக் கணக்கு எந்த மெயில்ல திறக்கிறதுன்னு கொஞ்ச நேரம் வாக்குவாதம். காலேஜ் மெயில் தான் மரியாதையா இருக்கும்னு மேடம் நினைச்சாங்க. சுயநிதிப் பிரிவு வேலை, நாளைக்கு வேற காலேஜ் போனா அந்த மெயிலை முடக்கிருவாங்க, பாஸ்வேர்டு மறந்தா திரும்ப எடுக்க வழி இருக்காதுன்னு சொன்னதும் சொந்த ஜிமெயிலுக்கே ஒத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு தேடலையும் சேவ் பண்ணது. நம்ம ஆத்துப் பேரை இங்கிலீஷ்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கான், வெள்ளைக்காரன் காலத்து எழுத்து ஒண்ணு, அரசாங்க எழுத்து ஒண்ணு, விஞ்ஞானிங்க எழுதுறது ரெண்டு மூணு. எல்லாத்தையும் நடுவுல ‘அல்லது’ங்கிற அர்த்தத்துல OR போட்டு ஒரே தேடலா எழுதி, சொந்தக் கணக்குல சேவ் பண்ணி, எந்த டேட்டாபேஸ்ல எந்தத் தேதி தேடுனோம்னு ஒரு நோட்டுலயும் எழுதினாங்க.

நடுவுல வந்த தடங்கல்

இதுக்கு இடைல ஒரு நாள் மேடத்தோட அண்ணன் மவன், இன்ஜினியரிங் படிக்கிறவன், உதவிக்குன்னு வந்திருக்கான். ‘அத்தை, ஒவ்வொண்ணா எதுக்கு கிளிக் பண்ணுதிய, இருங்க’ன்னு ப்ரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு, லிஸ்ட்ல இருந்த லிங்க் எல்லாத்தையும் ஒரே அடியா திறந்து பிடிஎஃப் இறக்க விட்டுட்டான், அதுவும் லைப்ரரி சிஸ்டத்துல உக்காந்து. கொஞ்ச நேரத்துல அந்தப் பதிப்பகம் கதவைச் சாத்திருச்சு. மேடத்துக்கு மட்டும் இல்ல, காலேஜ் பூராவுக்கும்.

அது ஏன்னா, உள்ள எத்தனை சிஸ்டம் இருந்தாலும் வெளிய போறப்ப காலேஜுக்கு ஒரே ஐபி முகவரி தான். பதிப்பகம் பாக்குறது அந்த ஒண்ணை. ஒரு நிமிஷத்துல பத்து பதினஞ்சு பிடிஎஃப் போனா அது மனுஷன் படிக்கிற வேகம் இல்ல, மெஷின்னு முடிவு பண்ணி தானா அடைச்சிரும், லைசென்ஸ்லயே எழுதியிருக்கு மெஷின் வச்சு மொத்தமா இறக்கக் கூடாதுன்னு. இது சின்ன காலேஜுக்கு மட்டும் நடக்குற காரியம்னு நினைக்க வேண்டாம், 2010-ல அமெரிக்கால எம்ஐடி வளாகம் முழுசுக்கும் ஜேஸ்டோர் சில நாள் நின்னு போச்சு, ஒரே ஒரு ஆளு லேப்டாப் வச்சு மொத்தமா இறக்குனதால.

பதிப்பகத்துக்கு மெயில் போட்டோம். எந்த நேரம், எந்த சிஸ்டம், என்ன எக்ஸ்டென்ஷன், யாரும் வெளிய விக்கிறதுக்கு எடுக்கல, எக்ஸ்டென்ஷனை எடுத்தாச்சு, இறங்குனதை அழிச்சாச்சு, எல்லாத்தையும் மறைக்காம எழுதுனோம். இந்த மாதிரி நேரத்துல ‘எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு எழுதுற லைப்ரரி நிறைய உண்டு, அதுல விசாரணை நீளுமே தவிர கதவு திறக்காது. ரெண்டு மூணு வேலை நாள்ல திறந்து விட்டாங்க. அதுவரைக்கும் அந்தப் பதிப்பகத்து ஜர்னல் வேணும்னு வந்த கெமிஸ்ட்ரிக்காரங்க கிட்ட பேச்சு வாங்குனது தனி. பையனை யாரும் ஏசல, அவனுக்கு விளக்கமா சொன்னோம், அடுத்து ஜோட்டெரோல தமிழ் ஃபான்ட் சரி பண்ணிக் குடுத்ததே அவன் தான்.

கைடுக்கு அனுப்புனது

டேட்டாபேஸ்லயே மெயில் பட்டன் இருக்கு, அதுல கைடு முகவரியைப் போட்டு அனுப்பிட்டா தீந்துதுன்னு மேடம் முதல்ல ஒரு கட்டு அனுப்பிட்டாங்க. கைடுக்கு வரல. வரலன்னா, ஸ்பாம்ல விழுந்துருச்சு, ஏன்னா அந்த மெயில் மேடம் முகவரில இருந்து போகாது, டேட்டாபேஸ் கம்பெனியோட முகவரில இருந்து போகும், சப்ஜெக்ட் லைனும் தானா வர்றது தான், நாம மாத்தலன்னா விளம்பரம் மாதிரியே இருக்கும். ஸ்பாம்ல இருந்து எடுத்துப் பாத்தாரு, சிலதுல பிடிஎஃப் இல்ல, வெறும் சுருக்கமும் லிங்கும். அந்தக் கட்டுரைகளுக்கு அந்த டேட்டாபேஸ்ல முழு உரையே கிடையாது, வெளிய லிங்க் மட்டும் தான், அப்ப மெயில்ல எங்க இருந்து பிடிஎஃப் வரும்.

கிட்ட இருந்து அந்த மெயில் பெட்டியைப் பாத்தப்ப தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு, கீழ ஒரு கட்டம், ‘அனுப்பிய பின் ஃபோல்டரிலிருந்து நீக்கு’ங்கிற அர்த்தத்துல, மேடம் அதை டிக் பண்ணி விட்டிருந்தாங்க. அனுப்புனதும் ஃபோல்டர் காலி, அங்கயும் போச்சு, ஸ்பாம்லயும் கிடக்கு. பக்கத்துலயே மேற்கோள் எந்த வடிவத்துல வேணும்னு தேர்வு இருக்கும், அதையும் கவனிக்காம விட்டா ஒவ்வொரு மெயிலும் ஒவ்வொரு வடிவத்துல போயி சேரும்.

அதனால வழியை மாத்துனோம். டேட்டாபேஸ்ல இருந்து முதல்ல தனக்கே அனுப்பிக்கிடணும், ஒரு தடவைக்கு அஞ்சாறு கட்டுரைக்கு மேல வேண்டாம், ஜிமெயில்ல 25 எம்பி தாண்டுனா சாதா இணைப்பா போகாது. வந்ததைத் திறந்து பாத்து, பிடிஎஃப் இருக்கான்னு உறுதி பண்ணிட்டு, அப்புறம் சொந்த மெயில்ல இருந்து கைடுக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, இது எந்தப் பத்திக்கு, ஏன் எடுத்தேன்னு. கைடுக்கு அந்த ஒரு வரி தான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

சட்டம் பத்தி மேடம் கேட்டாங்க, நான் வக்கீல் இல்ல, ஆனா லைப்ரரில இருக்கவங்களுக்கு தெரிஞ்ச அளவு இது தான். 1957 காப்பிரைட் சட்டம் 52-வது பிரிவுல சொந்த ஆராய்ச்சிக்கு நியாயமா பயன்படுத்துறதுக்கு இடம் இருக்கு, கைடுக்கு வேலை நிமித்தமா ஒண்ணு ரெண்டு கட்டுரை அனுப்புறதை பெரும்பாலான லைசென்ஸும் ஒத்துக்கிடுது. டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல மொத்த ஃபோல்டரையும் தட்டி விடுறது, டிரைவ் லிங்கை எல்லாருக்கும் திறந்து விடுறது, அது வேற கணக்கு. மேடத்தோட டிரைவ் ஃபோல்டர் அன்னைக்கு ‘லிங்க் உள்ள எவரும்’னு தான் இருந்துச்சு, மாத்திட்டோம்.

இதுல தான் முன்ன சொன்ன சந்தா வித்தியாசம் வெளிய வந்துச்சு. கைடு திருப்பி மூணு கட்டுரை லிங்க் அனுப்புறாரு, ‘இதையும் பாருங்கம்மா’ன்னு, மேடத்துக்கு மூணும் காசு கேக்குது. அவருக்கு ஒரே நாடு ஒரே சந்தால திறக்குது, இவங்க நுழையுறது காலேஜ் கணக்குல. ஆனா மேடம் அந்தப் பல்கலைக்கழகத்துல பதிஞ்ச ஆய்வாளர், அங்கயும் லாகின் கேக்க உரிமை இருக்கு, இத்தனை நாள்ல கேட்டதே இல்ல, கேக்கலாம்னு யாரும் சொன்னதும் இல்ல. பதிவுக் கடிதம் நகலோட விண்ணப்பம் எழுதிக் குடுத்தாங்க.

என்ன ஆச்சு

டிசி மீட்டிங் தள்ளிப் போகல. டிஓஐ ரகமும் ஜேஸ்டோர் ரகமும் முழுசா மீண்டுச்சு. செஷன் லிங்க்ல பாதிக்கு மேல பக்கத்துலயே தலைப்பை டைப் பண்ணி வச்சிருந்தாங்க, அதை வச்சு திரும்பப் புடிச்சோம். தலைப்பும் இல்லாம வெறும் லிங்கா இருந்ததுல சிலதை ப்ரவுசர் ஹிஸ்டரில எடுத்தோம், வீட்டு லேப்டாப்ல பாத்ததா இருந்தா மட்டும், லைப்ரரி சிஸ்டத்துல பாத்ததுக்கு ஹிஸ்டரியும் கிடையாது. கடைசி வரைக்கும் கிடைக்காததுன்னு கொஞ்சம் மிஞ்சுச்சு. அதுல குளத்து மீன்பாசி ஏலத்தைப் பத்தின ஒரு கட்டுரை, சாப்டர்ல ரெண்டு பத்தி அதை நம்பித்தான் நின்னுச்சு. மேடம் அந்த ரெண்டு பத்தியையும் எடுத்துட்டாங்க. ஞாபகத்துல இருந்து ஆசிரியர் பேரைப் போட்டு ஒப்பேத்தலாம்னு யாரோ சொன்னதுக்கு, ‘வேண்டாம், திறந்து காட்டச் சொன்னா என்ன செய்ய’ன்னுட்டாங்க. மீட்டிங்ல உண்மையிலயே ஒரு வெளி உறுப்பினர் ஒரு கட்டுரையைக் காட்டச் சொல்லியிருக்காரு, கூடவே எங்கெங்க எந்தத் தேதில தேடுனீங்கன்னும் கேட்டிருக்காரு. தேடல் நோட்டு கைல இருந்ததால பதில் சொல்ல முடிஞ்சுது.

பல்கலைக்கழக லாகின் வர கொஞ்சம் இழுத்துச்சு, மீட்டிங்குக்குப் பிறகு தான் வந்துச்சு. அதுக்கு இடைல ஜேஸ்டோர்ல சொந்தக் கணக்கு வச்சு ஆன்லைன்ல படிச்சாங்க, சந்தா இல்லாமலே 30 நாளைக்கு 100 கட்டுரை படிக்கலாம், இறக்க முடியாது, படிக்கலாம்.

இனிமே மாத்துறது

பொது சிஸ்டம் ஒவ்வொண்ணுலயும் மானிட்டர் கீழ தாள் ஒட்டியாச்சு, ‘இதில் சேமித்தது நிற்காது’ன்னு. முன்ன இது அட்டெண்டர் அண்ணாச்சி வாய்ல மட்டும் இருந்த தகவல்.

ஜூன்ல புது ஆய்வாளர்களுக்கு நடத்துற அறிமுக வகுப்புல இதுவரைக்கும் எந்த டேட்டாபேஸ்ல என்ன இருக்குன்னு தான் காட்டிக்கிட்டு இருந்தோம், ஸ்லைடு ஸ்லைடா. அதைக் குறைச்சிட்டு, முதல் அரை மணி நேரத்துல ஆளுக்கு ஒரு சொந்தக் கணக்கு திறக்க வச்சு, ஒரு கட்டுரையை சேவ் பண்ணி, வெளிய போயி ஃபோன்ல இருந்து அதே கட்டுரையைத் திறந்து காட்டச் சொல்றதா திட்டம். திறக்கலன்னா அங்கயே காரணம் பாத்துக்கிடலாம். கைடுகளையும் கூப்பிடணும்னு எனக்கு எண்ணம், பாதி சிக்கல் அவங்க பக்கத்து ஸ்பாம்லயும் சந்தாலயும் இருக்கு, ஆனா அவங்களை வர வைக்கிறது பிரின்சிபால் கைல.

தீராம நிக்கிறது தமிழ்க் கட்டுரைகள். சிற்றிதழ், ஆய்விதழ் பெரும்பாலும் டிஓஐ கிடையாது, ஜோட்டெரோவால தானா எடுக்க முடியாது. இப்போதைக்கு அட்டை, பதிப்பு விவரப் பக்கம், கட்டுரையோட முதல் பக்கம், மூணையும் ஃபோன்ல படம் எடுத்து பிடிஎஃபோட ஒண்ணா கட்டி வைக்கச் சொல்லுதோம். ஆசிரியர் பேருல வேற தொல்லை, நம்ம ஆளுகளுக்கு இனிஷியல் முன்னாடி, குடும்பப் பேரு கிடையாது, முதல் கட்டத்துல இனிஷியலைப் போட்டா சாஃப்ட்வேர் அதைக் குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு நூற்பட்டியல்ல அப்பா பேரோட இனிஷியலை வச்சு அகர வரிசை போட்டுருது. பேரு கட்டத்தை ஒத்தைக் கட்டமா மாத்துற ஒரு சின்ன பட்டன் ஜோட்டெரோல இருக்கு, அதை அமுக்கினா எழுதுனபடி நிக்கும். மேடம் தன்னோட தமிழ்ப் பதிவுகளை எல்லாம் அப்படி ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருக்காங்க, ரயில்ல முடியாது, ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து தான்.